காசில்லாமல் பேசலாம், எடுக்க ஆள் வேண்டுமே!

வெளிநாடு போகும்போது வீட்டோடு செலவில்லாமல் பேசுவது எப்படி என்பதுதான் இன்றைய மன்றத்தின் தலைப்பு. "இதில் பேச என்ன இருக்கிறது? வாட்ஸ்அப்பைத் திறந்தால் முடிந்தது" என்று இளைஞர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த உரை மீதிப் பாதியைப் பற்றியது.

சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் என்று ஒரு பகுதி. 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசிக்கு முடிசூட்டு விழா நடந்தபோது அவர் நினைவாகப் பெயர் பெற்றது. சிங்கப்பூரின் முதல் துணைநகரம் அதுதான். அந்தப் பெயர் வருவதற்கு முன்பே அங்கே தமிழர்கள் இருந்தார்கள். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த தொழிலாளர்கள் 1932இல் தொடங்கிய ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் நிற்கிறது. தண்டவாளத்தோரம் குடியிருந்த அந்த மனிதர்களுக்கு ஊரோடு இருந்த தொடர்பு கடிதமும் மணியார்டரும். அம்மா செத்த சேதி, காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து சேரும்.

இன்று அதே குவீன்ஸ்டவுனில் கணினித் துறையில் வேலை பார்க்கும் மகனோ மகளோ அடுக்குமாடி வீடு எடுத்து இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒரு மாதம் பேரப்பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். ஊரில் எண்பது வயது அப்பத்தாவைப் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதுமே அந்த அம்மாவின் முதல் கேள்வி, "அத்தைக்கு எப்படிப் பேசுறது?" மகன் சொல்வான், "வைஃபை இருக்கும்மா, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க." ஆனால் அப்பத்தா கையில் இருப்பது பொத்தான் வைத்த பழைய செல்பேசி. இங்கே நொடிக்கு எத்தனை கோடித் துணுக்குகள் பாய்ந்தாலும் அந்தச் செல்பேசிக்குள் வாட்ஸ்அப் அழைப்பு நுழையாது.

பேச்சு மலிவாக இருக்குமா, செலவாகுமா என்பதைத் தீர்மானிப்பவர் அழைப்பவர் அல்ல; எடுப்பவர். சிங்கப்பூரில் எவ்வளவு நல்ல சிம் வாங்கினாலும், எதிர்முனையில் உள்ளவரிடம் என்ன கருவி இருக்கிறது, அதை எடுக்கத் தெரியுமா என்பதில்தான் விஷயம் நிற்கிறது. பயணம் கிளம்புகிறவர்கள் இதை விமானம் ஏறிய பிறகுதான் யோசிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏன் அவ்வளவு பணம் கேட்டார்கள்? கடலுக்கடியில் கம்பி போடுவது செலவான வேலை என்பது உண்மை. ஆனால் கம்பி மட்டும் காரணமில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, பினாங்கு வழியாக, தந்திக் கம்பி 1871லேயே வந்துவிட்டது. தொலைபேசிக் காலத்தில் விலையைத் தூக்கி நிறுத்தியது கணக்கு வழக்கு. அழைப்பு எந்த நாட்டில் தொடங்குகிறதோ அந்த நாட்டு நிறுவனம், அழைப்பு போய்ச் சேரும் நாட்டு நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஏகபோகம் என்றால் கேட்பதுதான் விலை. சிங்கப்பூரில் தொலைத்தொடர்புச் சந்தை முழுமையாகத் திறக்கப்பட்டது 2000 ஏப்ரல் 1ஆம் தேதி. இந்தியாவில் வெளிநாட்டு அழைப்புகளில் விஎஸ்என்எல் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை முடிந்தது 2002 மார்ச் இறுதியில். மறுநாளே, ஏப்ரல் 1 முதல், இணையம் வழியாகப் பேச இந்தியாவில் சட்டப்படி அனுமதி வந்தது. அதுவும் அரை அனுமதிதான். கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம், உள்நாட்டுத் தொலைபேசிக்குக் கூடாது. தேன் குடத்தைத் திறந்து வைத்துவிட்டு விரல் விடாதே என்ற கதை.

அந்தக் காலத்து ஐஎஸ்டி சாவடி நினைவிருக்கிறதா? கண்ணாடி அறை, உள்ளே சின்ன மின்விசிறி, தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடும் ரூபாய். பேசுகிறவர் கண் எதிர்முனைக் குரலில் இருக்காது, அந்த எழுத்தில் இருக்கும். "சரி சரி, வச்சிடு, காசு ஓடுது" என்பதுதான் ஒரு தலைமுறைத் தமிழர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அதிகம் சொன்ன வாக்கியமாக இருக்கும். அதற்கும் வசதியில்லாதவர்கள் மிஸ்டு கால் என்ற கலையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மணி அடித்து நின்றால் 'பத்திரமாக வந்து சேர்ந்தேன்', இரண்டு முறை அடித்தால் 'நீ கூப்பிடு'. ஒரு காசு செலவில்லாமல் சேதி போய்விடும். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்காத நுட்பம் அது.

சிங்கப்பூரில் இதன் இன்னொரு முகத்தை லிட்டில் இந்தியாவில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலை, பஃபலோ சாலை, கேம்பல் சந்து, தேக்கா சந்தை எங்கும் தலைகள். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்தவர்கள் ஏழாம் நாள் கூடும் இடம். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று எல்லாப் பக்கத்துப் பேச்சும் காதில் விழும். 2000களில் அங்கே காய்கறிக்கும் பூவுக்கும் பக்கத்திலேயே தொலைபேசி அட்டை விற்றார்கள். அட்டையைச் சுரண்டி, முதலில் ஓர் உள்ளூர் எண், பிறகு நீளமான இரகசிய எண், பிறகு ஊர் எண் என்று முப்பது இலக்கத்துக்கு மேல் அழுத்த வேண்டும். ஒரு இலக்கம் தவறினால் முதலிலிருந்து. நடுவில் ஒரு பெண் குரல் இத்தனை நிமிடம் மீதம் என்று சொல்லும். அந்தக் கணக்கு சுவரொட்டியில் போட்ட கணக்கோடு பல நேரம் ஒத்துப்போகாது. இணைப்புக் கட்டணம், நிமிடத்தை மேல்நோக்கி முழுமையாக்குவது என்று சிறிய எழுத்தில் பல வாய்க்கால்கள் வெட்டி வைத்திருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மலிவு அட்டைகளில் பலவற்றின் பின்னால் ஓடியதும் இணைய வழிக் குரல்தான். பேசுகிறவர் சாதாரணத் தொலைபேசியில்தான் பேசுவார். நடுவழியில் கடல் தாண்டும் பகுதி மட்டும் தரவாக மாறிப் போகும். ஸ்கைப் என்ற பெயரையே கேள்விப்படாத தொழிலாளிகள் இணையத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

தரவாக மாறிப் போவது என்றால் என்ன? பழைய முறையில் நீங்கள் பேசி முடிக்கும்வரை இங்கிருந்து அங்குவரை ஒரு தனிப்பாதை உங்களுக்கென்றே ஒதுக்கப்படும். நீங்கள் பேசாமல் விம்மிக்கொண்டிருந்தாலும் அந்தப் பாதை வேறு யாருக்கும் கிடையாது. ஒருவர் ஊருக்குப் போக ஒரு பேருந்தையே வாடகைக்குப் பிடிப்பது மாதிரி. இணைய முறையில் குரலை நொடிக்கு ஏறக்குறைய ஐம்பது துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் முகவரி எழுதி, மற்றவர்களின் கடிதம், படம், சினிமாவோடு ஒன்றாக அனுப்பிவிடுகிறார்கள். எதிர்முனையில் கருவி அவற்றை வரிசைப்படுத்திக் குரலாக்குகிறது. பேருந்தில் ஒரு சீட்டு வாங்கினால் போதும். சில துண்டுகள் வழியில் தொலைந்தால்தான் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கத்துகிறோம்.

தூரம் இதில் பெரிய தடையே இல்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து 2002இல் போட்ட கடலடி ஒளியிழை வடம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். அதாவது அம்மாவின் குரல் கடலைத் தாண்ட ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்குதான் ஆகும். முன்பு செயற்கைக்கோள் வழியாகப் பேசியபோது 36 ஆயிரம் கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வர வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி விழும். அந்த அரை நொடியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, எத்தனை குடும்பங்களில் தேவையில்லாத மனத்தாங்கல் வந்ததோ.

குவீன்ஸ்டவுனுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. அந்த வட்டாரத்துக்குள்தான் கெண்ட் ரிட்ஜில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் இணையச் சேவையான டெக்நெட் 1991இல் அங்கேதான் தொடங்கியது. ஆய்வாளர்களுக்கு மட்டுமான அந்தச் சேவைக்குப் பிறகு 1994இல் சிங்நெட் பொதுமக்களுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1995இல், இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் கணினி வழியாகப் பேசும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாக்கி டாக்கி மாதிரி ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் பேச முடியும். பொழுதுபோக்காகவே பார்க்கப்பட்டது.

விளையாட்டை வாழ்க்கையாக்கியது ஸ்கைப். 2003 ஆகஸ்டில் வந்தது. சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ராமும் டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃபிரிஸும் தொடங்கினார்கள். நிரலை எழுதியவர்கள் எஸ்டோனியாவின் இளைஞர்கள். கணினிக்குக் கணினி இலவசம். சாதாரணத் தொலைபேசிக்குக் கூப்பிட வேண்டுமானால் கொஞ்சம் பணம் முன்கூட்டிக் கட்டி வைக்கலாம். இந்த இரண்டாவது வசதிதான் பயணிகளுக்கு வரமாக இருந்தது. ஊரில் யாருக்கும் கணினி வேண்டாம். தாத்தா வீட்டுத் தரைவழித் தொலைபேசி அடித்தால் போதும். பிறகு வந்ததெல்லாம் தெரிந்த கதை. 2015இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு, 2016 நவம்பரில் காணொளி அழைப்பு. அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கிராமம்வரை தரவு மலிவானது. அட்டைக் கடைகள் சத்தமில்லாமல் சுருங்கின. மைக்ரோசாஃப்ட் 2011இல் 850 கோடி டாலருக்கு வாங்கிய ஸ்கைப், 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டது. இளைஞர்கள் கவனிக்கவே இல்லை. அப்பத்தாவின் பொத்தான் செல்பேசிக்கு அதன் வழியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கவனித்தார்கள்.

தொடர்பு என்பது எவ்வளவு கனமான சொல் என்று 2020இல் தெரிந்தது. மார்ச் 25ஆம் தேதி இந்தியா அடங்கியது, ஏப்ரல் 7ஆம் தேதி சிங்கப்பூர் அடங்கியது. விமானமில்லை. தொழிலாளர் தங்கும் விடுதிகளில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அறைகளைவிட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். மற்றவர்களுக்கு ஜூன் தொடக்கத்தில் கட்டுப்பாடு தளரத் தொடங்கிய பிறகும் அவர்களுக்கு நீண்ட காலம் தளரவில்லை. ஊரில் தொலைக்காட்சிச் செய்தியில் சிங்கப்பூர் விடுதி, தொற்று எண்ணிக்கை என்று ஓடும்போது வயிற்றைப் பிசையும் தாய்க்கு 'நல்லா இருக்கேன்' என்ற குரல் போதாது. குரலில் பொய் சொல்லலாம். முகத்தைக் காட்டச் சொல்வாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் காட்டச் சொல்வாள். திறன்பேசி இருந்த வீட்டில் அது நடந்தது. இல்லாத வீட்டுப் பெண்கள் அடுத்த தெரு அக்கா வீட்டுத் திண்ணையில் முறை வைத்துக் காத்திருந்தார்கள். ஊரில் நடந்த சாவைச் செல்பேசித் திரையில் பார்த்து அழுதவர்களும் அந்த ஆண்டில் உண்டு. 1932இன் ரயில்வே தொழிலாளிக்கு அதுவும் கிடைக்கவில்லை என்று ஆறுதல் சொல்லலாம். அழுகிறவரிடம் சொல்லிப் பாருங்கள்.

அதனால், பயணம் கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலை ஊரில்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கப்போகும் பெரியவருக்கு ஒரு திறன்பேசி, அதில் வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். முதல் திரையில் பிள்ளையின் முகம், அதைத் தொட்டால் அழைப்பு. இதைவிட முக்கியம் எடுக்கக் கற்றுக்கொடுப்பது. வாட்ஸ்அப் அழைப்பை எடுக்கப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதாது, சில செல்பேசிகளில் மேல்நோக்கி இழுக்க வேண்டும். எண்பது வயது விரலுக்கு அந்த இழுப்பு வராது. பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு பத்து நாள் தினமும் கூப்பிட்டுப் பழக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். மகன்கள் பொறுமையிழந்து திட்டுவார்கள். கண் சரியாகத் தெரியாத, காது கேட்காத பெரியவர் என்றால் வற்புறுத்த வேண்டாம். அவருக்குப் பொத்தான் செல்பேசியே இருக்கட்டும். பக்கத்து வீட்டு நம்பிக்கையானவர் ஒருவரின் திறன்பேசிக்கு, முன்கூட்டியே பேசி வைத்த நேரத்தில் கூப்பிடலாம். அவசரத்துக்கு வைபர் போன்ற சில செயலிகளில் சாதாரண எண்ணுக்குக் கூப்பிடச் சிறு தொகை கட்டிவைக்கும் வசதி இன்னும் இருக்கிறது. உள்ளூர் சிம் வாங்கும்போது இந்திய எண்களுக்கான நிமிடத் தொகுப்பு உண்டா என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

பயணியின் பக்கத்து வேலை சின்னதுதான். விமானம் ஏறுமுன் ஊர் சிம்மில் ரோமிங் தரவை அணைத்துவிட வேண்டும். மறந்தால், இலவச அழைப்பு என்று நினைத்துப் பேசியதற்கு மாதக் கடைசியில் வரும் ரசீது விமானக் கட்டணத்தோடு போட்டி போடும். சிம்மை மாற்றினாலும் வாட்ஸ்அப்பில் பழைய எண்ணை மாற்ற வேண்டாம், அது தன் போக்கில் வேலை செய்யும். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் பழைய எண்ணுக்கே வரும் என்பதால் அந்த சிம்மைத் தொலைத்துவிடக் கூடாது. சிங்கப்பூரில் 2006 டிசம்பரில் தொடங்கிய வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபை இருக்கிறது. நூலகம் போன்ற இடங்களில் பதிவு செய்துகொண்டு காசில்லாமல் பேசலாம், வங்கிக் கணக்கை மட்டும் அங்கே திறக்க வேண்டாம். குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மெகாபைட்தான் தின்னும். ஒரு ஜிபி இருந்தால் முப்பது மணி நேரம் பேசலாம். காணொளி அதைப்போல் பல மடங்கு. சீனாவுக்குப் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப் கிடைக்காது; 2017 முதல் அங்கே முடக்கிவிட்டார்கள். துபாய் பக்கம் உரிமம் பெற்ற செயலிகளில் மட்டும்தான் பேச முடியும். இன்னொன்று: ஆபத்துக்கு இந்தச் செயலிகள் உதவா. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, காவல்துறைக்கு 999, இந்தியாவில் 112. இவற்றைச் சாதாரண அழைப்பில்தான் கூப்பிட வேண்டும். ஊரில் தனியாக இருக்கும் பெரியவருக்கும் இது பொருந்தும். அவர் செல்பேசியில் இணையம் தீர்ந்துபோனாலும் சாதாரண அழைப்புக்கான ரீசார்ஜ் தீர்ந்துபோகக் கூடாது.

கடைசியாக நேரம். சிங்கப்பூர் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. குவீன்ஸ்டவுனில் இரவு பத்து மணிக்குப் பேரனைத் தூங்க வைத்துவிட்டு அம்மா செல்பேசியை எடுத்தால் ஊரில் ஏழரை. அப்பத்தா தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரம், எடுக்க மாட்டார். மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மூன்றரை. மத்தியானத் தூக்கம் கலைந்து, காப்பிக்குக் காத்திருப்பார். ஒரு மாதப் பயணத்துக்கு அந்த மூன்றரை மணியைப் பேசி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.